மிரண்டாவுக்கு ஒரு பொன்னாடை

புக்கிட் பாஞ்சாங்கில் ரயில் ஏறினால் உட்கார இடம் கிடைத்துவிடும். அங்கிருந்து சாங்கியில் இருக்கும் விமானச் சரக்கு அலுவலகம் போய்ச் சேரும்வரை கைப்பேசியில் எழுதலாம். அப்படி எழுதி எழுதியே உர்சுலா நான்கு பேராக ஆகிவிட்டாள்.

லிட்டில் இந்தியா பக்கத்து மாதா கோயில் ஒன்றில் தமிழ்ப் பூசை முடிந்ததும் 'திராட்சைக்கொடி' என்ற மாத இதழை வாசலில் நின்று கையில் திணிப்பார்கள். அதன் ஆசிரியர் சூசைநாதன் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கெஞ்சுவதில் மன்னர். அவர் கெஞ்சிக் கூட்டி வரும் தொண்டூழியர்கள் இரண்டு இதழ் எழுதுவார்கள், அப்புறம் பிள்ளைக்குப் பரீட்சை என்று காணாமல் போவார்கள். அவர்கள் விட்டுப்போன பக்கங்கள் எல்லாம் உர்சுலா தலையில் விழுந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் போட்டால் மானம் போய்விடும் என்று சூசைநாதன் பக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். புனிதர் வரலாறு எழுதினால் அவள் உர்சுலா. சமையல் குறிப்புக்குப் பாப்பாத்தி. இளையர் பக்கத்துக்குக் கேலப். அந்தக் கேலப்புக்குப் பெண் கொடுக்கலாமா என்றுகூட ஒரு வீட்டில் விசாரித்தார்கள்.

நான்காவது பெயர் மிரண்டா, குடும்பப் பக்கத்துக்கு. அதில் மட்டும் உர்சுலா பொய் எழுதவில்லை.

அவளுடைய ஒரே மகன் மார்வின், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பெர்த் நகருக்குப் போனவன், இரண்டு வருடமாகப் பேசவில்லை. யாராவது கேட்டால் வேலை அதிகம் என்று சொல்லவேண்டும் என்பது அவள் கணவர் ரஞ்சன் போட்ட சட்டம். வீட்டுக்குள்ளும் அதே சட்டம்தான். மகன் பெயரை எடுத்தால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். சொல்ல ஆளில்லாமல் ரயிலில் உட்கார்ந்து மிரண்டாவாக எழுதினாள். மகனுக்கு அனுப்பும் செய்திகள் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுவதை எழுதினாள். அவன் கோபத்தில் நியாயம் இருந்ததையும், அன்றைக்குத் தான் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் எழுதினாள்.

கோயிலில் பெண்கள் அழுதார்கள். "இந்த மிரண்டாவுக்காக டெய்லி ஒரு ஜெபமாலை சொல்றேன்க்கா," என்று ஒருத்தி உர்சுலாவிடமே சொன்னாள். "பாவம்தான்," என்றாள் உர்சுலா. வேறு என்ன சொல்வாள்? தனக்காக ஒருத்தி ஜெபமாலை உருட்டுகிறாள், அவள் கையைப் பிடித்து அழக்கூட வழியில்லை.

இந்த நிலையில்தான் புதிதாக வந்த ஃபாதர் பீடத்திலிருந்தே அறிவித்துவிட்டார். வருகிற திருவிழாவில் 'திராட்சைக்கொடி' எழுத்தாளர்கள் எல்லாரையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அறிமுகப்படுத்துவாராம். பீடத்தில் சொன்னதை யார் திருப்பி வாங்குவது? சூசைநாதன் அலறியடித்துப் போன் செய்தார்.

"கேலப் வெளியூர், பாப்பாத்திக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேம்மா. மிரண்டாவை மட்டும் பாத்தே ஆகணுங்கிறாரு லா. சனமும் அதையேதான் கேக்குது."

"நானே மேடையில சொல்லிடுறேன் அங்கிள். மிரண்டா நான்தான்னு."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

ரஞ்சன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அத்தனை பேர் நடுவில் அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கவேண்டும். ஆனாலும் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வயிற்றெரிச்சலை வேறொருத்தி பெயரில் கொட்டி எத்தனை நாள் ஓட்டுவது? அவள் சும்மா இருந்ததைச் சூசைநாதன் பயம் என்று எடுத்துக்கொண்டார். "சரி, நீ கவலப்படாத. நான் பாத்துக்கிறேன்," என்று போனை வைத்தார்.

திருவிழாவன்று உர்சுலாவை முதலில் அழைத்தார்கள். பொன்னாடை வாங்கிக்கொண்டு மேடையிலேயே ஓரமாக நின்றாள். அடுத்து மிரண்டா என்று ஃபாதர் சொன்னதும் மைக்கை நோக்கி ஓர் அடி வைத்தாள். அதற்குள் கீழே கைதட்டல். நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கூச்சத்தோடு வந்தாள். ஜோவன்னா. செங்காங்கிலிருந்து ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் தலைகாட்டுகிறவள், யாருக்கும் அவ்வளவாகத் தெரியாதவள். சூசைநாதன் தூணருகே நின்று, காப்பாற்றிவிட்டேன் பார் என்பதுபோல் உர்சுலாவைப் பார்த்துத் தலையாட்டினார். பாவி மனிதர்!

விழா முடிந்து கூடத்தில் இட்லி பரிமாறத் தொடங்கியதும் ஜோவன்னா, மேடையில் கூட நின்ற உர்சுலாவிடம் ஓடிவந்தாள். "ஆன்ட்டி, மிரண்டாவா எழுதுறவங்க வெளிய வர வெக்கப்படுறாங்க, சும்மா அவங்களுக்காக வாங்கிக்கோன்னுதான் அங்கிள் சொன்னாரு. ஃபாதர் நான்தான்னே சொல்லிட்டாரு. நான் எப்படி..."

முடிப்பதற்குள் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜெபமாலைக்காரி அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். ஒருத்தி நெற்றியில் சிலுவை போட்டாள். உர்சுலா கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தாள். அத்தனையும் அவளுக்கு உரியது, ஒன்றுகூட அவள்மேல் படவில்லை.

"நீங்களும் ரெண்டு வார்த்த ஆறுதலா சொல்லுங்கக்கா," என்று அவளை முன்னால் இழுத்தாள் ஜெபமாலைக்காரி. "உங்களுக்கு என்னா, மார்வின் தங்கமான புள்ள."

உர்சுலா வாயெடுப்பதற்குள் ரஞ்சன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மானம் போய்விடும் என்று டிவி சத்தத்தைக் கூட்டுகிற மனிதர், முன்பின் தெரியாத ஜோவன்னாவுக்கு எதிரில் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நீங்க எழுதுறத ஒண்ணு விடாம படிக்கிறேம்மா," என்றார் மெதுவாக. "புள்ள பேசாம இருக்கிறத எப்படிம்மா தாங்கிக்கிறீங்க?"

இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் உர்சுலாவிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் மிரண்டாவாகவே ஆகியிருக்கமாட்டாள். ஜோவன்னா உர்சுலாவைப் பார்த்தாள். உர்சுலாவுக்குப் பதில் தொண்டைவரை வந்துவிட்டது. சுற்றிலும் அத்தனை பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னங்க," என்று கணவரின் முழங்கையைத் தொட்டாள். "இட்லி ஆறிடும். பசியாற வாங்க."