பஞ்சு தின்ற பூட்டு

சிறைக்குள் மேலதிகாரியையே வைத்துப் பூட்டிய ஆள் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருப்பூர்ப் பக்கம் ஒரு கிளைச்சிறையில் பூட்டுகளுக்கும் பாதுகாப்புச் சாமான்களுக்கும் மேற்பார்வையாளனாக இருந்தேன். பதவியின் பெயர்தான் நீளம். பூட்டு, சாவி, கீல், கைவிலங்கு, பாதி நாள் கத்தாத ஒரு மெட்டல் டிடெக்டர், இவைதான் என் ராஜ்ஜியம். அதற்கு முன் திருப்பூர் மண்ணரைப் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபிட்டர். அரசாங்க வேலை என்றதும் ஒரே ஓட்டமாக வந்துவிட்டேன். சேர்ந்த பிறகுதான் இது தற்காலிகம் என்று சொன்னார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி 'பூட்டுகள் சரி' என்று பதிவேட்டில் எழுதினால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். கம்பெனியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. "ஏனுங்க, அந்தாளு எழுதாம போயிட்டா நாம என்னங்க பண்றது?" என்று என் மனைவி தினமும் கேட்டாள். எனக்கும் பயம்தான். வெளியில் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

ஆய்வுக்கு முதல் நாள் எல்லாப் பூட்டுகளையும் பளபளப்பாக்கக் கிளம்பினேன். பூட்டுக்குள் எண்ணெய் விடக்கூடாது, பென்சில் கரித்தூள்தான் போட வேண்டும், துவாரத்துக்குள் துணி விடக்கூடாது என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. திருப்பூர்க்காரன் கேட்பானா? எங்கள் ஊரில் எந்த இயந்திரத்துக்கும் இரண்டே மருந்து, தையல் மிஷின் ஆயிலும் பனியன் வேஸ்ட்டும். வேஸ்ட் என்றால் கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுத் துணி. வண்டி துடைக்கவும் அதுதான், கை துடைக்கவும் அதுதான். நான் ஒரு கம்பி முனையில் வேஸ்ட்டைச் சுற்றி, ஆயிலில் தோய்த்து, ஒவ்வொரு சாவித் துவாரத்தையும் காது குடைவது போலக் குடைந்தேன். மூன்றாம் அறைப் பூட்டைக் கொஞ்சம் அதிகமாகவே குடைந்தேன், ஏனென்றால் அது வாசலில் இருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படும்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். நெடுநெடுவென்று உயரம், பேச்சு குறைவு. மூன்றாம் அறைக்குள் நுழைந்து ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்தார். கூடவே எங்கள் சிறைக் கண்காணிப்பாளரும் போனார். உள்ளே ஒரே ஒரு விசாரணைக் கைதி. டீக்கடை அடிதடி ஒன்றில் மாட்டிக்கொண்டவன், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் மெக்கானிக், ஜாமீனுக்கு ஆள் வராமல் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்தான். அவன் மூலையில் கைகட்டி நின்றான்.

"கதவைப் பூட்டுங்க. உள்ள இருந்து ஆட்டிப் பாக்கணும்" என்றார் அதிகாரி. அது அவர் வழக்கமாம். நான் பெருமையாகச் சாவியைத் திருப்பினேன். பூட்டு விழுந்தது. அவர் கதவைப் பிடித்து உலுக்கினார், அசையவில்லை.

"நல்ல பூட்டு. திறங்க."

சாவி வெளியே வரவில்லை, சுழலவும் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. சிரித்துக்கொண்டே முயன்றேன், பிறகு சிரிக்காமல் முயன்றேன்.

"மாத்துச் சாவி இருக்குமில்ல?" என்றார் அதிகாரி.

மாற்றுச் சாவி ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருந்தது. பெட்டியின் சாவி கண்காணிப்பாளரின் இடுப்பில், அதாவது கம்பிக்கு உள்ளே இருந்தது. அதை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் எடுத்து வந்தும் பயனில்லை. பழைய சாவிதான் துவாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே! பூட்டை அறுக்கலாம் என்றால் கண்காணிப்பாளரின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். பதிவேட்டைக் கம்பி வழியாக உள்ளே கொடுத்தேன். அவர் கைதியின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் குனிந்திருந்த மெக்கானிக் மெதுவாகக் கேட்டான். "ஏனுங்கண்ணா, வேஸ்ட்டு உட்டுத் தொடச்சீங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் யோசித்தேன். "ஆமாப்பா" என்றேன்.

"அப்ப பஞ்சு மாட்டியிருக்குதுங்க. எங்க மிஷின்ல நித்தம் இதே ரோதனைதானுங்க. சாவியைப் போட்டு முறுக்காதீங்க, ஒடைஞ்சு போயிருமுங்க. நான் வேணா பாக்கட்டுங்களா?"

கண்காணிப்பாளர் பதறினார். "கைதி பூட்டைத் தொடக்கூடாது!"

"தொட மாட்டேனுங்க சாமி. வாயில சொல்றேனுங்க."

அவன் சொன்னபடி வார்டர் ஒருவர் பின்தெருத் தையல் யூனிட்டுக்கு ஓடி, ஓவர்லாக்கில் நூல் கோர்க்கும் நீள மூக்கு ட்வீசர் ஒன்றும் ஒரு மூடி மண்ணெண்ணெயும் வாங்கி வந்தார். கைதி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் செய்தேன். "ரெண்டு சொட்டு உடுங்க. சாவியைத் துளியூண்டு பொறத்தால ஆட்டுங்க. ஆங், இழுங்க." சாவி வெளியே வந்தது. "இப்ப ட்வீசரை உடுங்க. சாய்ச்சுப் புடிங்கண்ணா." பிங்க் நிறத்தில் ஒரு பஞ்சுத் திரி வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. ஏதோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் பனியனில் மிச்சப்பட்டது, எங்கள் சிறையைப் பூட்டிவிட்டது.

சாவியைப் போட்டேன். திறந்துகொண்டது.

அதிகாரி வெளியே வந்து, பஞ்சுத் திரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவரில் பதிவேட்டை வைத்து அங்கேயே எழுதினார். 'பூட்டுகள் சரி. மிக உறுதியானவை. உள்ளிருந்து நானே சோதித்தேன்.' அதைப் படித்ததும் எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. மனைவியிடம் போய்ச் சொல்லும் வார்த்தைகளைக்கூட மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

"சரி, பூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்கு நடந்தார். கண்காணிப்பாளரும் வெளியே வந்து பின்னால் போனார்.

மூன்றாம் அறையில் இப்போது அவன் மட்டும் இருந்தான். பழையபடி மூலைக்குப் போகாமல் கம்பியருகிலேயே நின்றான். என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவன். நான் கதவைச் சாத்தினேன். சாவி வெண்ணெயில் போவது போலத் திரும்பியது. இவ்வளவு லேசாக அந்தப் பூட்டு விழுந்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இப்ப நல்லாச் சுத்துதுங்களாண்ணா?" என்று கேட்டான்.

"சுத்துதுப்பா" என்றேன்.