தவிடு மணல் அல்ல

மதிவதனிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். நீடாமங்கலத்துப் பக்கம் அவள் பொறியாளராக இருக்கும் தவிட்டு எண்ணெய் ஆலையில் இது எல்லோருக்கும் தெரியும். அன்று கூட்ட அறையில் அவள் பேசியது மேசையின் மறுமுனைக்கு எட்டவில்லை. பொது மேலாளர் தியாகராசன், என்ன சொன்னீங்க என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"தவிட்டை மணலா போட்டிருக்காரு சார்," என்றாள் மதிவதனி.

சென்னையிலிருந்து மென்பொருள் விற்க வந்திருந்த பரிதி, திரையில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினார்.

விஷயம் போன வருஷமே தொடங்கிவிட்டது. ஆலையில் தவிட்டை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எண்ணெயைப் பிரிப்பார்கள். பிறகு அந்தத் தவிட்டைத் தட்டுத் தட்டாக இருக்கும் நீராவி அடுக்கில் விட்டு, அதில் தங்கிய ஹெக்சேனை ஓட்டுவார்கள். எண்ணெய் எடுத்த தவிடு கிடங்குக்குப் போகும். மாட்டுத் தீவனத்துக்காக அங்கே மூட்டை கட்டுவார்கள். கிடங்கில் சாக்குத் தைக்கும் அம்சமும் மற்ற பெண்களும் மதியத்துக்கு மேல் தலை சுற்றுகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றார்கள். ஹெக்சேன் முழுதாக ஓடவில்லை என்று மதிவதனிக்கு உடனே புரிந்தது. தலைசுற்றல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. சாக்குத் தைக்கும் இயந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது. ஒரு பொறி போதும்.

ஒரு பாட்டில் தவிட்டை மூடி எடுத்துத் தஞ்சாவூரில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ஹெக்சேன் இருக்கிறது, அதுவும் நிறைய என்று முடிவு வந்தது. தியாகராசன் அதைப் பார்த்துவிட்டு, ஒரு பிடித் தவிட்டை வைத்து ஆலையை மாற்ற முடியாது என்றார். சிமுலேஷனில் காட்டச் சொன்னார்.

சிமுலேஷன் என்பது ஆலையைக் கணினிக்குள் கட்டி ஓட்டிப் பார்ப்பது. குழாய், கொதிகலன், நீராவி எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தால், எது எங்கே எவ்வளவு போகும் என்று அது சொல்லும். ஆலையில் அப்படி ஒரு மென்பொருள் இல்லை. சரி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுடையது என்று தியாகராசன் அவளிடமே விட்டார். அவள் அதை நம்பினாள். இப்போது நினைத்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்த நம்பிக்கைதான்.

மாதக்கணக்கில் அவள் அலசினாள். பெரிய நிறுவனத்தின் மென்பொருள் ஒன்று, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இலவச மென்பொருள் ஒன்று, கடைசியில் இரண்டுதான் நின்றன. பெரியதைக் குறை சொல்ல முடியாது. எண்ணெயையும் ஹெக்சேனையும் காய்ச்சிப் பிரிக்கும் பகுதியில் அது கொடுத்த விடை ஆலையின் அளவீட்டோடு அச்சாகப் பொருந்தியது. பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குத் தவிடு தெரியாது. திடப்பொருள் என்றால் எதையும் உறிஞ்சாத, எதையும் விடாத ஒன்று என்றே அது எடுத்துக்கொண்டது. இலவச மென்பொருள் பார்க்க லட்சணமாக இருக்காது, அடிக்கடி முறைத்துக்கொண்டு நிற்கும். ஆனாலும், தவிடு எவ்வளவு ஹெக்சேனைப் பிடித்துவைக்கும் என்ற கணக்கை நாமே எழுதிச் சேர்க்க அதில் இடம் இருந்தது.

அவள் முடிவு சொல்வதற்குள் தியாகராசன் அந்தப் பெரிய நிறுவனத்திலிருந்து பரிதியை வரவழைத்துவிட்டார். பரிதி காட்டிய படத்தில் நீராவி அடுக்கிலிருந்து வெளியே வரும் தவிட்டில் ஹெக்சேன் இல்லை என்றே சொல்லலாம். தியாகராசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பாருங்க, கிடங்கில் பிரச்சினையே இல்லை என்றார்.

மதிவதனிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கேட்டது மென்பொருள் அல்ல, விடை. விடையை முதலில் பிடித்துவிட்டு, அதைச் சொல்லும் மென்பொருளைத் தேடியிருக்கிறார். தேர்ந்தெடுத்தது இவள் என்று கையெழுத்து வாங்கிவிட்டால், அம்சத்தின் தலைசுற்றல் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும்.

பரிதி நல்ல மனிதர்தான். சட்டென்று ஒப்புக்கொண்டார். "தவிடுன்னு எங்ககிட்ட எதுவும் இல்ல மேடம். தூளா இருக்கறதுல மணல்தான் இருந்துச்சு. டெமோவுக்குத்தானேன்னு போட்டேன்."

"ஊரைச் சுத்தி நெல்லு. இங்க வந்து மணலாங்க?"

பரிதி சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை விழுங்கினார். தியாகராசன் சிரிக்கவில்லை. பெரிய பெயர் என்றால் வங்கி மதிக்கும், தணிக்கைக்காரர்கள் மதிப்பார்கள், கெட்டுப்போனால் கூப்பிட ஆள் இருக்கும் என்று அடுக்கினார். உங்கள் இலவசச் சாமானுக்கு யார் பொறுப்பு என்றார்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில், கூலி வேலை செய்து பிறகு கொஞ்சம் நிலம் வாங்கிய குடும்பம் மதிவதனியுடையது. அவள் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு வருஷம் வெள்ளத்தில் சம்பா படுத்துவிட்டது. பயிர்க் காப்பீட்டுக்கு விளைச்சல் பார்க்க வந்தவர்கள் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. சாலையோரத்தில் நின்ற பயிரைப் பார்த்தே நல்ல விளைச்சல் என்று எழுதப் போனார்கள். அவளுடைய அம்மாவும் தெருப் பெண்களும் ஜீப்பை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். வயல் எது என்று நீங்களே குறியுங்கள், எங்கள் கண் முன்னால் அறுங்கள், அடித்துத் தூற்றி நிறுங்கள், பிறகு எழுதுங்கள் என்றார்கள். சேற்றில் இறங்கி அறுத்தார்கள். தராசில் வந்தது பாதிக்கும் பாதி. அன்றிலிருந்து, அறுத்துப் பார்க்காத எண் எதுவும் மதிவதனிக்கு எண்ணே அல்ல.

அதையே இப்போதும் கேட்டாள். ஆலை முதலாளி ஜெய்னுலாபுதீன் முதலிலிருந்தே மேசையோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பேசினாள். இன்றைக்கு ஓடும் தவிட்டின் அளவு, நீராவியின் அளவு, சூடு எல்லாம் இரண்டு மென்பொருளுக்கும் ஒன்றாகக் கொடுப்போம். விடைகளை முதலிலேயே பலகையில் எழுதிவிடுவோம். அதற்குப் பிறகு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம்.

"மாதிரியை நீங்களே எடுங்க சார்," என்று தியாகராசனிடம் சொன்னாள். "எந்த மூட்டைன்னும் நீங்களே காட்டுங்க."

முதலாளி தலையாட்டினார். தியாகராசனுக்கு வேறு வழியில்லை.

பத்து லட்சம் பங்கு தவிட்டில் எத்தனை பங்கு ஹெக்சேன் என்பதே கேள்வி. பெரிய மென்பொருள் நான்கு என்றது. இலவச மென்பொருளில் மதிவதனி எழுதிச் சேர்த்த கணக்கு தொள்ளாயிரம் என்றது. இரண்டும் பலகையில் ஏறின. தியாகராசன் கிடங்குக்குள் போனவர், மூன்றாவது மூட்டையைப் பிரிப்பதற்குள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அதை அம்சம் பார்த்தாள். "சார், எங்களுக்கெல்லாம் கைக்குட்டை கெடையாது, முந்தானைதான்," என்றாள். அவர் காதில் விழாதவர்போல பாட்டிலை மூடினார். கார் தஞ்சாவூருக்குப் போனது.

சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. முதலாளி ஸ்பீக்கரைப் போட்டார். ஆயிரத்து இருநூற்று அறுபது.

மதிவதனி பலகையைப் பார்த்தாள். அவளுடைய எண்ணும் தப்பு, முந்நூறுக்கு மேல் குறைவு. ஏன் என்று யோசித்தபோது தன்மேலேயே எரிச்சல் வந்தது. கோடையில் வந்த காய்ந்த தவிட்டை வைத்துக் கணக்கெழுதியிருந்தாள். இப்போது ஆலைக்கு வருவது மழையில் அறுத்த குறுவை நெல்லின் தவிடு. ஈரத் தவிடு அதிகம் பிடித்துவைக்கும். குறுவைத் தாளை ஈரத்தோடு தலையில் சுமந்த வீட்டுப் பெண் அதை மறந்திருக்கக் கூடாது. மறைக்காமல் சொன்னாள். கணக்கை இப்போதே திருத்த முடியும், திருத்தும் இடம் இந்த மென்பொருளில் இருக்கிறது என்றாள்.

பரிதி தன் கணினியை மூடினார். அடுத்த பதிப்பில் தவிட்டைச் சேர்க்கச் சொல்லி எழுதுவதாகச் சொன்னார்.

தியாகராசன் வேறொன்று சொல்லிப் பார்த்தார். கிடங்கில் இவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது என்றார்.

மதிவதனியின் குரல் இன்னும் தாழ்ந்தது. "சாக்குத் தைக்கிறவங்க போன வருஷமே சொன்னாங்க சார். அதைக் கம்ப்யூட்டர் சொன்னாத்தான் நம்புவேன்னது நீங்க. கம்ப்யூட்டரையும் உங்களுக்குப் பிடிச்சதைச் சொல்றதா பாத்து எடுத்தீங்க."

முதலாளி எழுந்தார். சம்பாத் தவிடு வருவதற்குள் நீராவி அடுக்கில் இன்னும் இரண்டு தட்டு ஏற்றிவிட வேண்டும், எவ்வளவு நீராவி தேவை என்பதை மதிவதனியின் கணக்கிலேயே போடுங்கள் என்றார். தியாகராசன் அப்போதும் விடவில்லை. அந்த இலவசச் சாமான் பாதியில் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார்.

"என்னைக் கூப்பிடுங்க சார். எங்கயும் போகமாட்டேன்."

தட்டு வரும்வரை காத்திருக்க அவளுக்கு மனமில்லை. அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியனை அழைத்துத் தையல் இயந்திரங்களின் இணைப்பைப் பிடுங்கி, அவற்றை வெளியே காற்றோட்டமான கொட்டகைக்கு மாற்றினாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. போன வருஷமே யாரையும் கேட்காமல் இதைச் செய்திருக்கலாமே என்று தன்மேல் வந்த கோபம், வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவளுக்கு அடங்கவில்லை.