மாமா பின்னாலிருந்து படித்த புத்தகம்

எங்கள் தொழிலில் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஜப்பான் படக்கதைகளை, மாங்கா என்பார்கள், அந்த ஊர் வழக்கப்படி வலமிருந்து இடமாக அச்சடித்திருப்பார்கள். நமக்கு எது பின்னட்டையோ அதுதான் அவர்களுக்கு முன்னட்டை. இங்கிலீஷில் மொழிபெயர்த்து வந்தாலும் அந்த வரிசை மாறாது.

நான் தென்காசியில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சென்னையிலிருந்து நடக்கிற ஒரு இணைய இதழுக்கு இந்த மாங்காக்களை விமர்சனம் செய்கிறேன், புனைபெயரில். எனக்கு ஒதுக்கியிருப்பது பெரியவர்களுக்கான பிரிவு. பெரியவர்களுக்கு என்றதும் பக்திக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கதையில் வருகிறவர்களும் வயது வந்தவர்கள், படிக்கிறவர்களும் வயது வந்தவர்களாக இருக்க வேண்டும் என்று அட்டையிலேயே வட்டம் போட்டு எச்சரித்திருக்கும். புரிந்துவிட்டதல்லவா, சத்தம் போடாமல் மேலே படியுங்கள். "இப்ப என்ன வேலை பாக்கீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது பாதிப் பதிலோடு காபி கொண்டுவர உள்ளே எழுந்து போகிற எல்லாரும் என் கட்சிதான்.

காயப்போட்டவர்கள்

சாரல் நேரத்தில் எங்கள் ஊரில் துணியும் காயாது, தாளும் காயாது. போன ஆனியில் ஒன்பது கதைகள் கொண்ட ஒரு தடித்த தொகுப்பு விமர்சனத்துக்கு வந்தது. வர வேண்டிய நாளில் வரவில்லை. மறுநாள் கூரியர்காரர் மாரிராஜ் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மேலே சுற்றியிருந்த தாளைக் காணோம்.

பார்சல் நனைந்துவிட்டதாம். கஸ்டமர் புத்தகமாயிற்றே என்று பிரித்து, ஆபீஸ் மேசையில் ஃபேனுக்குக் கீழே விரித்து வைத்திருக்கிறார்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஸ்கேல் விட்டு, கிழியாமல், ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க, மொத்த ஆபீசும். கையெழுத்துப் போடுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மாரிராஜ் முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லை.

"இனிமே உங்க பார்சல் நனைஞ்சா கவலையே படாதீங்க சார், நாங்க எல்லாரும் இருக்கோம்."

அருவி கொட்டுகிறது

இந்த வேலையில் உள்ள பெரிய கஷ்டம் வார்த்தைதான். நம்மிடம் இருப்பதில் பாதி தமிழாசிரியர் பதவுரை மாதிரி இருக்கும். மீதி, பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கிற வைத்தியர் நோட்டீஸ் மாதிரி. நடுவில் மனுஷன் எடுத்துப் புழங்க ஒன்று கிடைத்தால் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். கிடைக்காத குறைக்கு நான் குற்றாலத்தைப் பிடித்துக்கொண்டேன். முதல் விமர்சனத்தில் மெயினருவியை விட்டேன், அடுத்ததில் ஐந்தருவி. மூன்றாவதில் வெள்ளம் வந்து குளிக்கத் தடையே போட்டுவிட்டேன்.

வீட்டில் என் எழுத்தைப் படிக்கிற ஒரே ஆள் என் மனைவி கோமதி. அவள் அப்போதே உதட்டைப் பிதுக்கினாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்புறம் இதழாசிரியர் நிவேதா போன் பண்ணினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ரொம்ப மரியாதையான பெண். இந்த ஒன்பது கதைத் தொகுப்பையாவது தண்ணீர் இல்லாமல், படிக்கும்போது என்ன தோன்றியதோ அதை மட்டும் எழுதுங்கள் என்று கெஞ்சினார். காரணமும் சொன்னார்.

"சார், உங்க விமர்சனத்தைப் படிச்சிட்டு, சீசனுக்கு ரூம் கிடைக்குமான்னு மெயில் வருது."

சோதனை போடுகிறவர்

அந்த வாரம் பார்த்துத்தான் மாமா வந்தார். கோமதியின் அப்பா, சிவகிரிக்காரர், போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் வருஷா வருஷம் அத்தையோடு சீசனுக்கு வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போவார். அத்தை தவறி நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வராதவர், இந்த வருஷம் கோமதி நச்சரித்ததால் தனியாக வந்திருந்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நான் அந்த வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தபோது, என்னைப் பெற்ற அப்பாவே மூன்று மாசம் பேசவில்லை. மாமா ஒருத்தர்தான், பிடிக்காத வேலையை விட்டதில் என்ன தப்பு என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எம் மருமவன் புஸ்தக ஆராய்ச்சி பண்ணுதாரு என்று சிவகிரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவர் என் மேல் வைத்திருந்த அந்த மதிப்பு போய்விடக் கூடாது என்பதுதான் என் ஒரே பயம். புத்தகத்தைப் பழைய வினாத்தாள் கட்டுக்குப் பின்னால் திணித்துவைத்தேன். கோமதி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்கப்பா முப்பது வருசமா, அடுத்தவன் ஒளிச்சு வச்சத எடுத்துத்தான் சம்பளம் வாங்குனாவ, பாத்துக்கிடுங்க."

எண்ணெய் ஊறும் நேரம்

வீட்டில் வைப்பதைவிடக் கூடவே வைத்துக்கொள்வது நல்லது என்று, குற்றாலம் போகும்போது அதை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன். மாமாவின் துண்டும் வேட்டியும் இன்னொரு மஞ்சப்பையில். இரண்டும் ஒரே ஜவுளிக்கடைப் பை. நான் எவ்வளவு புத்திசாலி என்று உங்களுக்கே தெரிகிறதல்லவா?

எண்ணெய் தேய்க்கிறவர் மாமாவைத் தட்டி, உருவி, நெட்டி முறித்துவிட்டு, அரை மணி நேரம் ஊற வேண்டும் என்று ஓரமாகப் பலகையில் உட்காரவைத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு அருவி வரிசையில் கூட்டம் எப்படி என்று பார்க்கப் போனேன். பாதி வழியில் பைக்குள் கையை விட்டால் துண்டு. திரும்பி ஓடி வந்து பார்த்தால், மாமா உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, மூக்கில் கண்ணாடியோடு, மடியில் பையை விரித்து அதன் மேல் என் புத்தகத்தை வைத்து, தாளில் எண்ணெய் படாமல் பை நுனியால் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நம் வழக்கப்படி இந்தப் பக்கத்திலிருந்து புரட்டியிருந்தார். அதனால் அவருக்குக் கிடைத்தது கடைசிக் கதை, அதுவும் முடிவிலிருந்து. அந்தக் கதையில் மனைவியை இழந்த ஒருவர் மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிற ஒரு விடுதிக்கு வருகிறார். விடுதிக்கார அம்மாள் குனிந்து வணங்கி வரவேற்று டீ கொடுக்கிறாள். அவர் குளித்துவிட்டு வருகிறார். அவள் அவர் தலையைத் துவட்டிவிடுகிறாள். அதற்கப்புறம் அட்டையில் எச்சரித்திருந்ததெல்லாம் நடக்கிறது. மாமா இதை அப்படியே திருப்பிப் பார்த்திருக்கிறார். வசனங்கள் முன்னுக்குப் பின்னாக இருக்கவே, அதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்திருக்கிறார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஆரம்பத்துல கொஞ்சம் முன்னப் பின்ன இருக்காங்க மாப்ள, ஆனா போகப் போகத் திருந்தி, துணியெல்லாம் ஒழுங்கா உடுத்தி, டீயக் குடிச்சிட்டு, கும்பிட்டுப் பிரிஞ்சிட்டாங்க, நல்ல கதை."

மறுக்கா ஒரு தடவை

மறுநாள் குற்றாலத்துக்குக் கிளம்பும்போது அவரே கேட்டார், அந்தப் புத்தகத்தை எடுத்துக்கோங்க, மறுக்கா ஒரு தடவை பார்க்கணும் என்று. ஒழுக்கக் கதைதானே, எனக்கென்ன பயம்? சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போனேன். அன்று கூட்டம் அதிகம், திரும்பி வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தபோது புத்தகம் மூடிப் பைக்குள் இருந்தது. மாமா சாரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அருவிக்குள் போனவர், காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டுகிறவரை வெளியே வரவில்லை.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அலுப்பாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இறங்குகிற நேரத்தில்தான் கண்ணைத் திறந்து சொன்னார்.

"அந்தக் கதைய ஒரு வாட்டி படிச்சிட்டு எழுதிராதீங்க மாப்ள, நானும் அவசரப்பட்டுட்டேன்."

கட்டைவிரல்

அவர் சிவகிரிக்கு பஸ் ஏறிய பிறகு, விமர்சனம் எழுதப் புத்தகத்தைத் திறந்தேன். இந்த மாங்காக்களில் நம் பக்கத்து முதல் தாளில் ஒரு அறிவிப்பு இருக்கும்: நில்லுங்கள், இது புத்தகத்தின் முடிவு, மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்று. அந்த அறிவிப்பின் மேல் எண்ணெயில் தெளிவாக ஒரு கட்டைவிரல் ரேகை. ஊரெல்லாம் ரேகை எடுத்தவர், தன் ரேகையை எனக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார். கடைசிக் கதையின் சரியான தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் விரல் பட்டிருந்தது. அந்த அம்மாள் தலை துவட்டுகிற பக்கத்தில் மட்டும் எண்ணெய் மறுபக்கம்வரை ஊறியிருந்தது. அங்கேயே கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்திருக்கிறார். அதைத் தாண்டி ஒரு பக்கத்திலும் கறை இல்லை.

எல்லாம் தெரிந்துதான் அன்று ராத்திரி என்னோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருக்கிறார். காலையில் என் கையைப் பிடித்து, வேலையை விட்டுராதீங்க என்று சொல்லியிருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று கேட்கிற சாக்கில் போன் போட்டேன். சேர்ந்தாச்சு என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அந்தத் தலை துவட்டுத பக்கத்த மட்டும் விட்டுராதீங்க, உங்க அத்தையும் குத்தாலத்துல அப்படித்தான் துவட்டி விடுவா, எம் மவகிட்ட நான் படிச்சேன்னு சொல்லிராதீங்க மாப்ள."

தண்ணீர் இல்லாத விமர்சனம்

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். மற்ற எட்டுக் கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த ஒரு பக்கத்தைப் பற்றி நிதானமாக எழுதினேன். நனைந்த தலையை ஒரு ஆளிடம் நம்பிக் குனிந்து கொடுப்பதில்தான் இந்தத் தொகுப்பின் ஆசையெல்லாம் இருக்கிறது, மிச்சமெல்லாம் அதற்குப் பின்னால் வருவது என்று முடித்தேன். நிவேதா ஒரு வரி திருத்தாமல் போட்டார். கோமதி படித்தாள். இரண்டாவது தடவையும் படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தத் தடவ எங்கயும் தண்ணி கொட்டலையே, யாரு சொல்லித் தந்தா?"

தொழில் ரகசியம் என்று எனக்கும் ஒன்று உண்டு, அது இப்போது சிவகிரியில் அடுத்த சீசனுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது.