காலி ஹாலில் ஒரு பச்சைப் புள்ளி

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையில் மே மாதம் பிள்ளைகளுக்குப் பத்து நாள் வேதாகம வகுப்பு நடக்கும். இந்த வருடம் நூற்றைம்பது பிள்ளைகள். ஒருவரும் காணாமல் போய்விடக் கூடாதென்று ஆளுக்கொரு கைப்பட்டை செய்துகொடுத்தது நான்தான். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லித்தருகிறேன். அந்தப் பெருமை வேறு.

பிள்ளை அசைந்தாலோ, பொத்தானை அமுக்கினாலோ, எந்த அறையில் என்று பட்டை என் லேப்டாப்போடு ரேடியோவில் பேசும். எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே அலைவரிசை. ஒரு பட்டன் செல் பேட்டரியில் பத்து நாளும் ஓட வேண்டும். அதனால் ஒரு விதி எழுதினேன்: பேசுமுன் கேள், வேறொன்று பேசிக்கொண்டிருந்தால் தூங்கு, விழித்தும் இடமில்லையென்றால் இன்னும் அதிக நேரம் தூங்கு. அடுத்த செய்தி வரும்வரை, பிள்ளையைக் கடைசியாக இருந்த அறையிலேயே லேப்டாப் ஒரு பச்சைப் புள்ளியாகக் காட்டும். வெளியே போனதாகச் செய்தி வந்தால் புள்ளி அணையும்.

கடைசி நாள் மதியம் ஹாலில் ஆக்‌ஷன் பாட்டு. பிள்ளைகள் குதிக்கக் குதிக்க, பட்டைகள் ஓயாமல் பேசின. பிறகு பெற்றோர் வந்தார்கள். பட்டையைப் பரிசாகக் கட்டிக்கொண்டே பிள்ளைகள் வெளியே போக, திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. என் மகளுடையது மட்டும் ஹாலில் பச்சையாக இருந்தது. ஒன்பது வயது அவளுக்கு. வீசிங் உண்டு, இன்ஹேலர் என் கைப்பையில். ஹாலில்தானே இருக்கிறாள் என்று நிதானமாகக் கேபிள்களைச் சுருட்டினேன்.

நிமிர்ந்தபோது ஹாலில் யாருமில்லை. மின்விசிறிகள் மட்டும் சுற்றின. திரையில் அவள் என்னோடு அதே ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். புள்ளி அசையவில்லை.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், ஹாலு காலியா கீது, யாரக் கூப்ட்டுகினு கீறீங்க?"

"பாப்பா இங்கதான் இருக்கா அண்ணா."

அவர் ஹாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 

வெளியே குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடைசி வேன் கிளம்பிப் போனது. சற்று நேரத்தில் லேப்டாப் ஒரு முறை ஒலித்தது. புள்ளி ஹாலிலிருந்து மறைந்து மாடி ஸ்டோர் ரூமில் சிவப்பாக எரிந்தது. பக்கத்தில்: அழைப்பு, பத்தொன்பது முறை.

"ஐயையோ! அங்கேர்ந்து பாய எட்த்துகினு நான்தான் மேடம் தாப்பா போட்டேன்!" வாட்ச்மேனுக்குப் பின்னால் மாடிக்கு ஓடினேன்.

அடுக்கிய நாற்காலிகளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தாள். ஒளிந்து விளையாடப் போனவள். உதடு வெளுத்திருந்தது. இன்ஹேலரை இரண்டு முறை இழுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அமுக்கினேன்மா. ஒவ்வொரு தடவையும் பட்டையில லைட் எரிஞ்சுது. நீ வந்துட்டே இருக்கேன்னு நெனச்சேன்."

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சபையில் எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் பட்டையிலிருந்து செல்லைக் கழற்றி அளந்து பார்த்தேன். ஏறக்குறைய முழுதாக இருந்தது; நான் எழுதிய விதிப்படி பட்டை தூங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.