ஹேடோவுக்குக் கொல்கத்தா வழி

நான் போர்ட் பிளேரில் வருமான வரி அதிகாரி. என் வீட்டுக்காரர் ஹேடோ துறைமுகத்தில் சுங்க அதிகாரி. ஷாதிபூர் வீட்டில் ஒரே குக்கர் சோறுதான் என்றாலும், ஆபீஸ் வழக்குகளைப் பற்றி வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்பது கல்யாணமான புதிதில் நாங்கள் போட்ட கட்டளை. அவர் ஒருநாளும் மீறியதில்லை. நான் இரண்டு தடவை மீறினேன். இரண்டும் ஒரே மனிதருக்காக.

அந்த மனிதர் நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊர்க்காரர். இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்து, அப்பா இறந்தபின் சின்ன வயதிலேயே அம்மாவோடு கப்பலேறி வந்தவர். இங்கே ரப்பர்த் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, பிறகு ஒரு கான்ட்ராக்டரின் கிடங்குக்குக் காவல் இருந்திருக்கிறார்.

வெளிநாட்டு வங்கிகள் தங்களிடம் பணம் போட்டிருக்கும் நம்மவர்களைப் பற்றித் தங்கள் அரசிடம் சொல்லும். அந்த அரசு டெல்லிக்குச் சொல்லும், டெல்லி எங்களுக்குச் சொல்லும். அப்படி வந்த தகவலில், எங்கோ ஒரு தீவில் இவர் பேரில் ஒரு கம்பெனியும் அதற்கு ஒரு கணக்கும் இருந்தன. விசாரணைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததுமே, அவருடைய ஆதாரையும் பான் கார்டையும் யாரோ வாங்கி வேலை காட்டிவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது. ஆனால் எனக்குப் பட்டால் போதுமா? நிரூபிக்க முடியாவிட்டால் அபராதம் அவர் தலையில் விடியும். ரங்கத்தில் கட்டிய சின்ன வீடு போய்விடும்.

"இலங்கைக்கே திருப்பி அனுப்பிருவாங்களா மேடம்? இன்னொருக்கா ஜஹாஜ் ஏறிக் கடல் தாண்ட நமக்குத் தெம்பு இல்லீங்க" என்றார்.

வாக்குமூலத்தில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வெளிநாட்டில் உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா? கேள்வி முடிவதற்குள் எல்லோரும் "இல்லவே இல்லை" என்பார்கள். இவர், "இருக்குங்க" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. "எங்கே?"

"இலங்கைத் தோட்டத்துல, நாங்க குடியிருந்த லயத்துக்குப் பின்னால. ஒரு பலா மரம். எங்கப்பா வச்சது. அதுக்கடியிலதான் அவர பொதச்சிருக்கு."

பக்கத்தில் டைப் செய்துகொண்டிருந்த ஹிந்திக்காரப் பையன் தமிழ் தெரிந்த மகராசன். "இருக்கிறது" என்பதை அதற்குள் ஹிந்தியில் அடித்து முடித்திருந்தான்.

"ஐயா, அதையெல்லாம் யார் கேட்டா?"

"நீங்கதானே மேடம் கேட்டீங்க."

அன்று சாப்பிடும்போது முதல் தடவையாகக் கட்டளையை மீறினேன். "ஒரு பாவப்பட்ட மனுஷன்ங்க. அவருக்கு வேலை கொடுத்த கான்ட்ராக்டர்மேலதான் எனக்குச் சந்தேகம். அந்த ஆள் வெளிநாட்டு மெஷின் இறக்கின பேப்பரெல்லாம் உங்க ஆபீஸ்லதானே இருக்கு? யார் கையெழுத்துன்னு மட்டும் சொல்லுங்களேன்."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். "லெட்டர் போடு."

"நடந்தே வந்து வாங்கிட்டுப் போற தூரம்!"

"கொல்கத்தா வழியா வரட்டும். நான் வாயால சொன்னா அது எங்கயும் நிக்காது. அந்த மனுஷனையும் காப்பாத்தாது."

கரண்டியை 'ணங்'கென்று வைத்துவிட்டு எழுந்தேன். அவர் சொன்னது சரி என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

என் கடிதம் கடல் தாண்டிக் கொல்கத்தாவில் எங்கள் மேலிடத்துக்குப் போய், சுங்கத்துறையின் மேலிடத்துக்கு மாறி, மறுபடி கடல் தாண்டி ஹேடோவுக்கு வந்தது. டெல்லி அந்த வெளிநாட்டு அரசிடம் கணக்குத் திறந்த காகிதங்களைக் கேட்டது. வீட்டுக்காரர் தினமும் தாமதமாக வந்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்தன. கான்ட்ராக்டர் தன் பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்துவதற்காக, அவருக்கு மெஷின்களை இரண்டு மடங்கு விலைக்கு விற்றதாகக் காட்டியிருந்தது ரங்கத்துக்காரர் பேரில் இருந்த கம்பெனிதான். துறைமுகத்துக் காகிதத்திலும் வங்கிக் காகிதத்திலும் இருந்த கையெழுத்து கான்ட்ராக்டருடையது. சுங்க அறிக்கையின் அடியில் இருந்த இன்னொரு கையெழுத்து என் வீட்டுக்காரருடையது. அதைப் பார்த்ததும் ஆபீஸ் என்றும் பாராமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு பிரியம் வந்தது அவர்மேல்.

ரங்கத்துக்காரரை வரவழைத்து, 'வெளிநாட்டில் எனக்கு எதுவும் இல்லை' என்ற புதிய வாக்குமூலத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கம்பெனி இல்லைன்னு எத்தன கையெழுத்து வேணும்னாலும் போடுறேங்க. ஒண்ணுமே இல்லைன்னு எப்படி? எங்கப்பா அங்க இருக்காரே."

கோபப்பட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. கடைசியில் 'கம்பெனியோ கணக்கோ இல்லை. தந்தையின் கல்லறையும் ஒரு பலா மரமும் உண்டு' என்று மாற்றி அடிக்கச் சொன்னேன். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"வெளிநாட்டு கவர்மெண்டுகிட்ட லெட்டர் போட்டு எல்லாம் கேக்குறீங்களே மேடம். இலங்கையில நம்ம மரம் இன்னும் நிக்குதான்னு கேட்டுச் சொல்லுவீங்களா?"

வரியையும் கணக்கையும் தவிர வேறு எதையும் கேட்க எங்களிடம் வழி இல்லை. ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினேன்.

அன்று சாப்பிடும்போது இரண்டாவது தடவையாகக் கட்டளையை மீறி, மரத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரசத்தை ஊற்றப் போனவர் கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டார். கொல்கத்தா வழியாகப் போனாலும் பதில் வராத கேள்வி என்று அவருக்கும் தெரியும்; இந்தத் தடவை லெட்டர் போடு என்று அவர் சொல்லவில்லை.