கட்டுரையாளர் விடையளித்தார்

மலாயா சுதந்திரம் பெற்ற புதிதில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மெட்ராசில் நடக்கும் ஆய்வு மாநாட்டுக்குப் பல நாட்டு அறிஞர்கள் வருகிறார்களாம்; மலாக்காவில், காஜா பேராங் என்ற ஊர்ப்பகுதியில் தமிழ்ப் பள்ளி வாத்தியாராக இருந்த நானும் கட்டுரையோடு வரவேண்டுமாம். கீழே இன்னொரு வரி: நேரில் வர இயலாதவர்கள் கட்டுரையை அனுப்பினால் போதும், வேறொருவர் வாசிப்பார். அந்த ஒரு வரிதான் என்னைப் போட்டுக் குழப்பியது.

போகக் கொள்ளை ஆசை. ஆனால் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இந்த நேரத்தில் கப்பல் ஏறினால் மனு கெட்டுவிடும் என்றார் ஒருவர். ஒன்றும் ஆகாது என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். நான் இரண்டு பேரையும் நம்பினேன்.

கட்டுரை என் அடுத்த வீட்டுக்காரர்களைப் பற்றியது. அவர்கள் மலாக்கா செட்டிகள். பல தலைமுறைக்கு முன் வணிகம் செய்ய வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்களின் வழி. வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. வீட்டுத் தலைவர் துறைமுக அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆங்கிலம் பிரமாதமாக எழுதுவார். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நான் அவரை மலாய் வழக்கப்படி அபாங், அதாவது அண்ணன், என்பேன். அவர் என்னை வாத்தியார் என்பார். அவரிடம் மிச்சமிருந்த தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. மற்றபடி எங்கள் பேச்சு முழுக்க மலாயில்தான்.

பொங்கலுக்கு முன் அவர்கள் முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அதை என்னை உள்ளே வந்து பார்க்க விட்டார் அபாங். ஒரே ஒரு நிபந்தனை.

"என்ன வேணும்னாலும் எழுதுங்க வாத்தியார். நாங்க தமிழர் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

போவதா, அனுப்புவதா என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டபோது வழி சொன்னவரும் அவர்தான். "நாங்க இலை போட்டா செத்தவங்களே வந்து சாப்பிட்டுட்டுப் போறாங்க. உங்க காகிதம் போனா நீங்க போனமாதிரிதானே?" எனக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றைய நிலையில் யார் என்ன சொன்னாலும் நியாயமாகத்தான் பட்டிருக்கும். அனுப்பிவிட்டேன்.

மாநாட்டு நாள் ஞாயிற்றுக்கிழமை. அங்கே காலை பத்து மணிக்கு என் கட்டுரை. இங்கே அப்போது பன்னிரண்டு. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எதற்கு இந்த வேஷம் என்றாள் மனைவி. அபாங்கும் விசேஷத்துக்குக் கட்டும், பூச்சாயம் போட்ட பாத்திக் துணித் தலைப்பாகையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம். "இப்ப நம்மளைப் பத்திச் சொல்லிக்கிட்டிருப்பாங்க" என்றார். பன்னிரண்டரைக்கு எழுந்து எனக்குக் கைகொடுத்தார். மேடையில் பேசி முடித்தவன் மாதிரி நான் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தேன்.

மாநாட்டு மலர் கப்பலில் வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. என் கட்டுரை எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் கேள்வி நேரம். வெளிநாட்டு அறிஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: இவர்களைத் தமிழர் என்று சொல்ல முடியுமா? 'முடியாது, மொழியோடு அதுவும் போய்விட்டது எனக் கட்டுரையாளர் விடையளித்தார்.'

கட்டுரையாளர் நான். நானோ அந்த நேரம் காஜா பேராங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாசித்தவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது; கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. நானே போயிருந்தால், அத்தனை அறிஞர்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், நானும் அதையே சொல்லித் தொலைத்திருப்பேனோ? இல்லை என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாளே அபாங் வந்தார். மலரை வாங்கி அட்டையைத் தடவினார். "படிச்சுச் சொல்லுங்க" என்றார். பக்கம் பக்கமாக மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். பொடி எழுத்து வந்ததும் புத்தகத்தை மூடினேன்.

"கேள்வி கேட்டிருப்பாங்களே?"

"இல்ல அபாங். யாரும் ஒண்ணும் கேக்கல."

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி எனக்கு. அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

"அத்தனை நாட்டுக்காரங்க உக்காந்திருந்தாங்களே" என்றார். "எங்களைப் பத்தி ஏதாவது கேக்கணும்னு ஒருத்தருக்குக்கூடத் தோணலையா வாத்தியார்?"

இந்த முறை நான் நேரிலேயே இருந்தேன். விடை வரவில்லை.