பதினோரு தடவை நின்ற அத்தை

ஆனி மாதம் பதினாறாம் தேதி, புதன்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம், மெல்லிய தூறல். வீராம்பட்டினத்திலிருந்து புதுச்சேரி வந்த பஸ்ஸின் மூன்று படிகளில் கடைசிப் படியை அத்தை தவறவிட்டாள். கூடையிலிருந்த நாற்பத்தொரு கானாங்கெளுத்தி மீன்களும் சேற்றில் விழுந்தன. எண்ணிப் பொறுக்கியவன் நான். எனக்கு ஒன்பது வயது. இப்போது எழுபத்து மூன்று.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. கணவர் இல்லை. பெரிய மார்க்கெட்டில் மூன்றடிக்கு நான்கடி இடத்தில் மீன் விற்றுத்தான் சாப்பிட்டாள். அந்த இடம் குடும்பத்துக்குப் பொது.

அவள் தோள்கள் முன்னால் வளைந்திருக்கும். பிடரியில் கை வைத்துக்கொண்டு நின்று நின்றுதான் நடப்பாள். அவளுக்கு மார்பு பெரிது. அந்தக் கனம் முதுகை முன்னால் இழுத்தது. குனிந்தால் தன் பாதமே அவளுக்குத் தெரியாது, பிறகு படி எங்கே தெரியும்? இதை இன்று எழுதுகிறேன். அன்று எங்கள் வீட்டு ஆண்கள் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் அப்பா என்னை விசாரித்தார். பஸ்ஸிலிருந்து மார்க்கெட்டுக்கு அறுநூற்று முப்பத்திரண்டு எட்டு, அதில் அத்தை பதினோரு தடவை நின்றாள் என்று ஒப்பித்தேன். கணக்குச் சரி. விளைவுதான் சரியில்லை.

"பாத்தியாக்கா, புள்ள பொய் சொல்லாது. ஆடி பொறந்தா எடத்த என் தம்பி பொண்டாட்டி பாத்துக்கட்டும். நீ ஊட்ல உக்காரு."

"உக்காந்தா சோறு நீ போடுவியா? நேத்து ஊத்துன கொழம்புல மீனு எங்கன்னு இன்னும் தேடிக்கினு இருக்கேன்," என்றாள் அத்தை.

அன்றிலிருந்து ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "வாங்க கணக்கப்புள்ள," என்றாள்.

ஆறாம் நாள் அம்மா அவளைத் தையல்காரம்மாவிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மா பிரெஞ்சு வீடுகளுக்குத் தைத்துப் பழகியவர். எல்லோரும் மதாம் என்பார்கள். என்னை வாசலில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். குரல் மட்டும் கேட்டது; பொருள் பிடிபட்டது வெகு காலம் கழித்துத்தான்.

"இந்த ரவிக்க எல்லாத்தையும் தோள்ல தொங்க உட்டுருக்கு. முதுகு வளையாம என்ன செய்யும்? விலாவச் சுத்திப் பிடிக்கணும்மா. அகலப் பட்ட வச்சி ரெண்டு தச்சித் தரேன். கூலி வேணாம், துணிக்கு மட்டும் குடு."

துணிக்கும் அம்மாவிடமோ அத்தையிடமோ காசில்லை. அப்பாவிடம் கேட்டால் எதற்கென்று சொல்லவேண்டும். அதைச் சொல்வதைவிட அத்தை இடத்தையே விட்டுவிடுவாள். ஆகவே தேர்த் திருவிழாவுக்கு நான் சேர்த்த உண்டியல் உடைந்தது.

"அத்தைக்கு முதுகு வலிக்குதுடா," என்றாள் அம்மா. மருந்து வாங்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஆடி பிறக்க மூன்று நாள் இருக்கையில் அப்பா மறுபடி என்னை எண்ண அனுப்பினார். அத்தை பஸ் கம்பியைப் பிடித்து, காலால் படியைத் தடவி, மெதுவாக இறங்கினாள். கூடையோடு நிமிர்ந்து நடந்தாள். நின்றது இரண்டு தடவை. இரண்டாவது தடவை ஒரு ரிக்‌ஷாக்காரரைத் திட்டுவதற்காக.

"ரெண்டா? நல்லா எண்ணுனியா?" அப்பா என்னைச் சந்தேகித்தது அந்த ஒருமுறைதான். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மன் கண்ணு தொறந்துட்டா. சரிக்கா, எடம் ஒனக்கேதான்."

அம்மாவும் அத்தையும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அத்தை மேலும் பத்தொன்பது வருஷம் அங்கேயே மீன் விற்றாள்.

எனக்கோ வேறு கவலை. என் காசுக்கு வாங்கிய சாமானைக் காட்டுங்கள் என்று மூன்று நாள் நச்சரித்தேன். மருந்துப் புட்டி எதுவும் வீட்டில் இல்லை. அம்மா தலையில் குட்டினாள். அத்தைதான் எழுந்து, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நிமிர்ந்து நடந்து காட்டினாள்.

"பாத்துக்கினியா? இதான்டா வாங்குனது."

பார்த்தேன். பதினான்கு எட்டு. ஒன்றும் விளங்கவில்லை. என் நோட்டில், 'சாமானைக் கண்ணால் பார்க்கவில்லை' என்று எழுதி, எதிரே செலவைப் போட்டேன்: ஒரு ரூபாய் முப்பத்தைந்து காசு.